ஆற்றுக்கு அடியில் விரித்த பாய்

டெல்பினுக்குத் தண்ணீர்த் திருடர்களைக் கண்டாலே ஆகாது. கொலைகாரனைக்கூட மன்னித்துவிடுவாள், ஆற்றில் பாயை வெட்டினவனை மன்னிக்க மாட்டாள். அந்த வட்டாரத்தில் அவளுக்கு ‘ஒட்டு மேடம்’ என்று பெயர். காதுபடவே சொல்வார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

பாய் என்றதும் படுக்கிற பாயை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஈச்சனாற்று மணலுக்கு அடியில், ஓர் ஆள் ஆழத்தில், மலையடிவாரத்திலிருந்து கடல்முகம் வரைக்கும் எழுபத்திரண்டு கிலோமீட்டருக்கு விரித்திருந்த படலம் அது. அரசாங்கக் காகிதத்தில் ‘கசிவுத் தடுப்புப் படலம்’ என்றிருக்கும். வாயில் நுழைகிற பெயரா அது? ஜனங்கள் பாய் என்றே சொன்னார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் ஆற்றை அளந்து பார்த்தவர்கள், அணையில் திறந்துவிடுகிற தண்ணீரில் பாதிக்குப் பாதியை வழியிலேயே மண் குடித்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். கடலோரத்தில் சிப்பிக்கரை வரும்போது ஆறு வாய்க்கால் அளவுக்கு இளைத்துப்போயிருந்தது. மண்ணைக் குடிக்க விடாமல் செய்துவிட்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள். கேட்டவருக்கு விருதுகூடக் கொடுத்தார்கள். மணலை வாரி, படலத்தை விரித்து, மறுபடி மணலைக் கொட்டி மூடி, இயந்திரங்கள் மூன்றே வருஷத்தில் வேலையை முடித்துவிட்டன.

முதலில் எல்லாம் ஆகா ஓகோதான். ஆறு கடைமடை வரைக்கும் கரை தொட்டுப் போயிற்று. சிப்பிக்கரையில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். அப்புறம்தான் கோடைத் தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் குறைய ஆரம்பித்தது. ஐப்பசியில் வருகிற ஆறு சித்திரையில் வரவில்லை. ஏன் என்று கேட்டால் எல்லார் வாயிலும் ஒரே பதில். ஆற்றோரத்துக் கிணறுகள் வற்றிப்போன ஆத்திரத்தில் மேட்டு ஊர்க்காரர்கள் பாயை வெட்டித் தண்ணீரை மண்ணுக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். உடனே சட்டம் வந்தது, வெட்டினால் மூன்று வருஷம் ஜெயில். வெட்டைக் கண்டுபிடித்து ஒட்டுப்போட ஆய்வாளர் உத்தியோகம் வந்தது. டெல்பின் அதில் போய்ச் சேர்ந்தாள்.

அவள் சிப்பிக்கரைக்காரி. அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியது அக்கா அமலி. கோடையில் ஆறு வராமல் போனதும் கடல் தரைக்குள் ஏறி ஊர்க் கிணறுகளெல்லாம் உப்பாயின. அந்த உப்பைக் குடித்தே அமலிக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிற்று. வாரத்துக்கு இரண்டு தரம் ஊர் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டுதான் உயிரோடு இருந்தாள். அந்த மெஷினுக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும், அதுவும் குடம் குடமாக. மழைக்காலத்து ஆற்றுத் தண்ணீரை ஊர்ப் பெரிய தொட்டியில் நிரப்பி வைத்து, வருஷம் முழுக்க அதை வைத்துத்தான் ஆஸ்பத்திரி ஓடியது.

சாயங்காலம் ஆனால் அமலியிடமிருந்து போன் வந்துவிடும். “இன்னைக்கு எத்தன வெட்டு? ஆளப் பிடிச்சியா? ஒருத்தனயும் விட்டுறாத டெல்பின்.” டெல்பின் விடவில்லை. நாலு வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஒட்டு, பதினோரு பேருக்கு ஜெயில்.

வைகாசியில் ஒரு காலை, அலுவலகத் திரையில் நாற்பத்தோராவது கிலோமீட்டர் சிவப்பாக எரிந்தது. மருதங்கால் ஊர். ஒவ்வொரு கிலோமீட்டரின் தலையிலும் வாலிலும் மணலுக்குள் ஒரு மீட்டர் புதைத்திருக்கும். இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் வந்தால் திரையில் சிவப்பு விழும். வித்தியாசம் நொடிக்கு மூன்று லிட்டர் என்று காட்டியது. டெல்பின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஜீப்பை ஓட்டுவதும் மண்ணை அள்ளுவதும் மாசானத்தின் வேலை. ஐம்பது தாண்டிய ஆள், கேட்டால் ஒழியப் பேச மாட்டார்.

ஆற்றின் நடுவில் வட்டமாக ஒரு குழி தோண்டியிருந்தது. அவசரத்தில் தோண்டிய குழி அல்ல. விளிம்பைக் கையால் தட்டித் தட்டி அணைத்து, இறங்க மூன்று படி வெட்டியிருந்தார்கள். சுற்றிலும் கேந்திப் பூ வாடிக் கிடந்தது. உடைத்த தேங்காய் மூடி இரண்டை எறும்பு மொய்த்தது. குழியின் அடியில் பாயைக் கடப்பாரையால் குத்தியிருந்தார்கள், கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. இடுப்பளவுக்குத் தெளிந்த தண்ணீர் நின்றது.

“திருட்டுக்குப் பூசை வேறயா!” என்றாள் டெல்பின்.

மாசானம் தொண்டையைச் செருமினார். “திருட்டு வெட்டு மாதிரி தெரியல மேடம். நீர்மாலை எடுத்துருக்காவ.”

“அப்படின்னா?”

“உங்க பக்கம் கெடையாது. செத்தவியளக் குளிப்பாட்டுறதுக்குத் தண்ணி எடுக்கது. ஆத்துல ஊத்து தோண்டி, குடத்துல மோந்து, குடத்துக்கு மாலை போட்டு, மேல வேட்டிய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குக் கொண்டு போவாவ. பைப்புத் தண்ணில குளிப்பாட்டுனா போற உசுரு தாகத்தோட போகும்னு சொல்லுவாவ.”

“மணலுக்குள்ள தண்ணி இருக்கே. அத மோந்துட்டுப் போக வேண்டியதுதான? பாய எதுக்குக் குத்தணும்?”

“அது டேம்ல தொறந்து விட்ட தண்ணில்லா? அது ஊத்து இல்ல. ஊத்துன்னா கீழருந்து பொங்கணும்.”

“பாய்க்குக் கீழ காஞ்ச மண்ணு. அங்கருந்து என்ன பொங்கப் போகுது?”

மாசானம் ஜீப்புக்குப் போனார். ஒட்டை எடுத்து வந்தார். தட்டு அகலத்துக்குப் பசையுள்ள வில்லை அது, ஓட்டையின் மேல் அமுக்கி மணல் மூட்டை இரண்டை வைத்தால் கால் மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும். டெல்பினே குழிக்குள் இறங்கி அமுக்கினாள். அவள் கையை எடுத்ததும் ஒட்டு மூட்டைகளைத் தள்ளிவிட்டு மேலே வந்தது. மறுபடி அமுக்கினாள், மூட்டையை நாலாக்கினாள், அதுவும் நிற்கவில்லை. மூன்றாவது தரம் ஒட்டின் மேல் ஏறியே நின்றாள். அவள் உள்ளங்காலை ஏதோ கீழேயிருந்து நெட்டித் தள்ளியது.

“அது நிக்காதும்மா” என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

குழி விளிம்பில் ஒரு பொம்பளை நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. சாவு வீட்டுக்காரி பதினாறாம் நாள் கழியாமல் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டி வந்திருந்தாள்.

“யாரு தோண்டினது?” டெல்பின் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே ஏறினாள்.

“தோண்டினது ஊரு. தோண்டச் சொன்னது நான். எம்பேர எழுதிக்கிடுங்க. பூரணம். கொம்பையா பெஞ்சாதி.”

கொம்பையா என்ற பேர் டெல்பினுக்கு மறக்கவில்லை. அந்தப் பதினோரு பேரில் ஏழாவது ஆள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மருதங்காலில் கடப்பாரையும் கையுமாக அவளே பிடித்தாள். மற்றவர்கள் காலில் விழுவார்கள், இல்லையென்றால் கெட்ட வார்த்தை பேசுவார்கள். இவன் இரண்டும் செய்யவில்லை. “நான் திருடலம்மா, தொறந்து விட்டேன். தண்ணி கீழருந்து மேல வருது, கையை வச்சுப் பாருங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் கையை வைத்துப் பார்க்கவில்லை. ‘குற்றவாளி பொய்க் காரணம் கூறினார்’ என்று அறிக்கையில் எழுதினாள். எழுதியது ஒரு எழுத்து விடாமல் இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது.

“எப்ப?” என்றாள்.

“முந்தாநேத்து. ஜெயில்ல நெஞ்சுச் சளி பிடிச்சு, எலும்புந் தோலுமாத்தான் அனுப்பி வச்சாவ. தை மாசத்துலருந்து இருமிக்கிட்டே கெடந்தாரு.” பூரணம் அழவில்லை. அழுது முடித்த முகம். “கடேசில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. நான் சொன்னது பொய்யின்னு எழுதிட்டாவ, ஊத்துத் தண்ணியில என்னயக் குளிப்பாட்டுங்க, அப்பவாச்சும் ஊரு பாக்கட்டும்னாரு. பாத்தாச்சு. பொங்கிக்கிட்டு வந்துச்சு.”

டெல்பின் ஜீப்புக்குப் போனாள். இருக்கைக்கு அடியில் ஊதாச் சாயப் புட்டி ஒன்று கிடந்தது. ஒட்டுப்போடுவதற்கு முன்னால் ஓட்டையில் சாயத்தை ஊற்றிப் பார்க்க வேண்டும், சாயம் கீழே போனால்தான் கசிவு என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அவள் அதை ஒருதரம்கூடச் செய்ததில்லை. அரை மணி நேரம் வீண், தண்ணீர் கீழே போகாமல் வேறு எங்கே போகும் என்ற நினைப்பு. மூடி இறுகிப்போயிருந்தது. மாசானம்தான் பல்லால் கடித்துத் திறந்து கொடுத்தார்.

குழிக்குள் இறங்கி, புட்டியை ஓட்டையின் வாயில் வைத்துக் கவிழ்த்தாள். சாயம் ஒரு பொட்டுகூடக் கீழே இறங்கவில்லை. குபுகுபுவென்று மேலே ஏறி அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டது, குழியின் பக்கச் சுவர் மணலுக்குள் கசிந்து கடல் திசையில் போயிற்று. அவள் சேலை முழுக்க ஊதா. பேயறைந்தவள் மாதிரி நின்றாள்.

“திரையில வித்தியாசம்னுதான் வரும்” என்றாள் மாசானத்திடம், யாரோ தன்னைக் குற்றம் சொன்ன மாதிரி. “கூடுதலா கொறைச்சலான்னு வராது மாசானம். சத்தியமா வராது.”

“தெரியும் மேடம்” என்றார் மாசானம். அவர் குரலில் இரக்கம்தான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பூரணம் விடவில்லை, இடுகாட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் புதைக்கிற சாதி. கரையோரத்தில் மேடும் பள்ளமுமாகக் கிடந்த இடுகாட்டில் கால் வைத்த இடமெல்லாம் சொதசொதவென்றிருந்தது. மற்ற ஊர்களில் கிணறு வற்றிச் சாகிறார்கள், இந்த ஊரில் வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்தது. மலையிலிருந்து நாலு குளத்துத் தண்ணீர் மண்ணுக்குள்ளேயே இறங்கி வருகிற ஊர் இது. காலங்காலமாக ஆற்றுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த தண்ணீர், பாய் அடைத்துக்கொண்டதும் போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே ஊறி நின்றது.

“ரெண்டடி தோண்டுனதும் தண்ணி. எறைச்சு எறைச்சுப் பாத்தாவ. எறக்குனா மெதக்காரு.” பூரணம் ரோட்டோரத்து மேட்டைக் காட்டினாள். அங்கே புது மண் குவிந்திருந்தது. “மனுசன மண்ணுக்குள்ள வைக்க முடியலம்மா. லாரி போற ரோட்டுல கொண்டு வச்சிருக்கேன். இதுக்குத்தான் அவரு அன்னைக்குக் கடப்பாரைய எடுத்தது.”

டெல்பின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பூரணம் கையை மெல்ல உருவிக்கொண்டு, வாசல் தாண்டி வந்தவள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுபோல நடந்துவிட்டாள்.

அன்று ஒட்டுப்போடவில்லை, யார் பெயரையும் எழுதவும் இல்லை. சாயங்காலம் போன் வந்தபோது, “இன்னைக்கு வெட்டு ஒண்ணும் இல்லக்கா” என்று பொய் சொன்னாள். அக்காவிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் விடிந்ததும் அவளுக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு ஒட்டு! அவள் அடைத்தது கசிவு இல்லையென்றால் ஊற்று. முந்நூற்றுப் பன்னிரண்டு ஊற்று. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டால் இந்தக் கோடையிலேயே சிப்பிக்கரைக்கு ஆறு போய்விடும், அமலி ஆற்றுத் தண்ணீர் குடிப்பாள். பாவத்துக்கு உடனே பரிகாரம் கிடைத்த மாதிரி இருந்தது. மாசானத்தைக் கிளப்பிக்கொண்டு முப்பத்தெட்டாவது கிலோமீட்டருக்குப் போனாள்.

ஜீப்பின் இரும்புக் கை மணலை வாரியது. பழைய ஒட்டு தெரிந்தது. கத்தியால் நாலு பக்கமும் கிழித்து மடக்கினாள். கீழே மண் வெள்ளையாக இருந்தது. கையை விட்டுத் துழாவினாள், மாவு மாதிரி உதிர்ந்தது.

“அடுத்தது” என்றாள்.

முப்பத்து மூன்றிலும் அப்படியே. இருபத்தேழில் கடப்பாரை பிடியில்லாமல் பொதுக்கென்று உள்ளே இறங்கி, ஓட்டையிலிருந்து வெறும் காற்று வந்தது. மாசானம் தன் தண்ணீர் போத்தலைத் திறந்து அதில் ஊற்றினார். ஊற்றிய தடம்கூட நிற்கவில்லை.

“மண்ணு குடிச்சிட்டு” என்றார்.

அப்போதுதான் டெல்பினுக்கு ஒன்று உறைத்தது. முதல் வருஷம் ஒட்டு லேசில் பிடிக்காது. மூட்டை மேல் மூட்டையாக அடுக்குவாள், திருகு போட்டு முடுக்குவாள். போகப் போக ஒட்டு வைத்ததும் சமர்த்தாகப் பிடித்துக்கொண்டது. தனக்குக் கை தேர்ந்துவிட்டது என்று நினைத்து அமலியிடம் பெருமையடித்திருக்கிறாள். கை தேரவில்லை, கீழே தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவள் அந்த மணலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மாசானம் ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அவளுக்கு மேலதிகாரியான செயற்பொறியாளர் கோமதிநாயகத்துக்கு ஓய்வுக்கு எட்டு மாசம் இருந்தது. டெல்பின் சொன்னதை முழுக்கக் கேட்டார். மறுப்பார் என்று நினைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“மீட்டர்ல கூட்டலும் வரும், கழித்தலும் வரும்” என்றார் கடைசியில். “திரையில அந்தக் குறி வேண்டாம், ஆளுக குழம்பிருவாங்கன்னு எடுக்கச் சொன்னது நாந்தான். வழியில தண்ணி கூடும்னு கனவுலகூட நெனக்கல.”

“சார், தண்ணி ரெண்டு பக்கமும் போகும்னு நம்ம ஆளுங்க ஒருத்தருக்குமா தெரியாது?”

“பாடத்துல படிச்சதுதானம்மா. மழக்காலத்துல ஆறு மண்ணுக்குக் குடுக்கும், கோடையில மண்ணு ஆத்துக்குத் திருப்பிக் குடுக்கும். சித்திரையில ஓடுச்சே, அது டேம் தண்ணின்னா நெனச்ச? ஐப்பசியில மண்ணு குடிச்சதுதான் சித்திரையில ஆறா ஓடுச்சு. நாம ஐப்பசியில மட்டும் அளந்துட்டு, மண்ணு திருடுதுன்னு முடிவு கட்டிட்டோம்.” அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. “பாய விரிச்சதும் கொஞ்ச வருஷம் பழைய இருப்பு பாயோட ஓரமா ஆத்துக்குள்ள ஒதுங்கி ஒதுங்கி வந்துச்சு. போர் போட்டு ஆளாளுக்கு உறிஞ்சுனதுல அதுவும் காலி. மருதங்காலுக்கு மலைக்குளம் இருக்கதால தப்பிச்சிருக்கு.”

“அப்ப பாய எடுத்துருவோம் சார்.”

“எடுத்தா?” அவர் நிமிர்ந்து பார்த்தார். “இப்ப மண்ணுக்கு இருக்க தாகத்துக்கு, வர்ற ஐப்பசித் தண்ணி முழுசையும் உள்ள இழுத்துரும். கடைமடைக்கு ஒரு சொட்டு போகாது. ஆறேழு வருஷம் போகாது. நிறைஞ்ச பெறகுதான் ஆறு மறுபடியும் ஆறாகும். இத்தன நாளும் பொய்யாச் சொல்லிக்கிட்டு இருந்தோம்லா, வெட்டுனா தண்ணி கீழ போயிரும்னு. இப்ப அது நெசமாயிட்டும்மா.”

“எடுக்கலன்னா?”

“மழைக்கு மூணு மாசம் சிப்பிக்கரைக்குத் தண்ணி போகும், தொட்டி நிரம்பும். ஆனா காஞ்ச மண்ணு வருஷத்துக்கு வருஷம் அமுங்கிக்கிட்டே வருது. இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே கெடந்தா இறுகிரும். அதுக்கப்புறம் ஊத்துனாலும் குடிக்காது. எழுபது கிலோமீட்டருக்கு ரெண்டு கரையிலயும் ஒரு ஊரு இருக்காது. கோடையில ஆறுங்கிறதே இருக்காது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நான் ரெண்டுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். கோழைன்னு சொல்லு, பரவால்ல.”

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு நாலு மாசம் டெல்பின் சரியாகத் தூங்கவில்லை. ஒரு பக்கம் சிப்பிக்கரைத் தொட்டி, அந்தத் தொட்டியை நம்பிக் கட்டிலில் கிடக்கிற அக்கா. மறு பக்கம் அவள் முகம் பார்த்தே இராத ஊர்கள், இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகள். இதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று கர்த்தரிடமும் கேட்டுப் பார்த்தாள், பதில் வரவில்லை. நடுவில் அமலியை ஒருமுறை போய்ப் பார்த்தாள். “நீ போட்ட ஒட்டுலதான் நான் உசிரோட இருக்கேன்” என்று அக்கா ஆஸ்பத்திரி நர்ஸிடம் பெருமையாகச் சொன்னாள். டெல்பின் கொண்டுபோன ஆரஞ்சுப் பழத்தைச் சுளை சுளையாக உரித்துக் கொடுத்துவிட்டு, பஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அக்கா இன்னும் ஏழு வருஷம் இருக்க மாட்டாள் என்று நர்ஸ் தனியாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் தண்ணீர் இல்லையென்றால் ஏழு வாரமே கஷ்டம். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் இடம் கேட்டு அலைந்தாள். கடலோரம் முழுக்க இதே வியாதி, எங்கேயும் வரிசை நீண்டு கிடந்தது. ஒரு இடத்தில் பேரை எழுதிக்கொண்டு, தகவல் சொல்கிறோம் என்றார்கள். தகவல் வரவில்லை.

புரட்டாசி கடைசியில் ஒரு காலை, பொழுது நன்றாகக் கிளம்பிய பிறகு, ஜீப்பில் ஏறினாள்.

“எங்க மேடம்?” என்றார் மாசானம்.

“மலையடிவாரத்துலருந்து ஆரம்பிப்போம். அகலமா வெட்டணும், ஒட்டுப்போட முடியாத அளவுக்கு. நீங்க வரலன்னா நான் தப்பா நெனக்க மாட்டேன். சாவியக் குடுங்க, நானே ஓட்டிக்கிடுவேன்.”

மாசானம் சாவியைக் கொடுக்கவில்லை, வண்டியைக் கிளப்பினார். ரொம்ப தூரம் போன பிறகு, “உங்க அக்கா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

“பேசாதிய மாசானம். பேசினா நான் எறங்கிருவேன்.”

பதினாறு நாளில் தொண்ணூற்று நாலு இடத்தில் வெட்டினார்கள். பட்டப்பகலில்தான் வெட்டினார்கள். ஒட்டு மேடம் ஒட்டுப்போடுகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். தண்ணீர் வராமல் மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது, அதனால் திரையும் சும்மா இருந்தது. மருதங்காலில் மட்டும் அவள் புதிதாக வெட்டவில்லை. பூரணத்தின் குழியை மாசானம் கொஞ்சம் அகலப்படுத்திவிட்டு வந்தார்.

ஐப்பசி எட்டாம் தேதி அணையைத் திறந்தார்கள். மழையும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. டெல்பின் முதல் வெட்டுக்குப் பக்கத்தில் கரையில் நின்றாள். செந்தண்ணீர் நுரையும் சருகுமாக வந்தது. வெட்டின் மேல் வந்ததும் சுழித்து, ஒரு பெரிய மூச்சு விட்டமாதிரி உள்ளே இறங்கிற்று. மண்ணுக்குள்ளிருந்து கொப்புளம் கொப்புளமாகக் காற்று வெளியேறியது. அன்று முழுக்க அது குடித்தது, மறுநாளும் குடித்தது. ஆறு நாளாகியும் ஆற்றின் தலை இருபத்தொன்றாவது கிலோமீட்டரைத் தாண்டவில்லை. திரையில் அது வரைக்கும் ஒரே சிவப்பு என்று அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். கோமதிநாயகம் மட்டும் கூப்பிடவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் அமலி கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அல்ல. பின்னால் ஒரே கூச்சலாக இருந்தது.

“எங்கக்கா இருக்க?”

“பாலத்துல. ஊரே இங்கதான் நிக்குது. டேம் தொறந்து ஏழு நாளாச்சு, இன்னும் தண்ணியக் காணோம். மத்த வருஷம் மூணாம் நாளே வந்துரும்லா? சாமியாரு வந்து ஜெபம் பண்ணுதாரு. மேல எவனோ வரிசையா வெட்டி வச்சிருக்கான்னு பேசிக்கிடுதாவ, நெசமா?”

“நெசந்தான்.”

“படுபாவி! அவன் கை வெளங்குமா? தொட்டியில இன்னும் பத்து நாளைக்குத்தான் தண்ணி இருக்குன்னு டாக்டரம்மா சொல்லுது. ஆளப் பிடிச்சியா நீ?”

டெல்பின் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். “பிடிச்சாச்சுக்கா.”

“யாரு? எந்த ஊருக்காரன்?”

“ஆம்பள இல்ல. பொம்பள.”

“பொம்பளையா!” அமலிக்கு மூச்சு வாங்கியது. “பொம்பளைக்கு எப்படி டெல்பின் மனசு வந்துச்சு? அவ வீட்டுலயும் தண்ணிய எதிர்பாத்து ஒரு சீவன் கெடக்காதா?”

“கெடக்கு. அவளுக்கு ஒரு அக்கா இருக்கா.”

டெல்பின் காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், ஏன் என்று கேட்டால் சொல்லலாம், மருதங்காலையும் கொம்பையாவையும் ரோட்டோரத்துப் புது மண்ணையும் எல்லாவற்றையும் சொல்லத் தயாராகத்தான் இருந்தாள். அமலி ஒன்றுமே கேட்கவில்லை. போனையும் வைக்கவில்லை. பாலத்தில் குடங்கள் உரசுகிற சத்தமும், யாரோ பிள்ளையை அதட்டுகிற சத்தமும், ஜெபப் பாட்டும் கேட்டுக்கொண்டே இருந்தன.

பிறகு பக்கத்தில் ஒரு பொம்பளைக் குரல், “அமலி, யாரு, தங்கச்சியா? என்ன சொல்லுது, தண்ணி வருமாமா?” என்று கேட்டது.

“வரும்னு சொல்லுதா” என்றாள் அமலி.